மைதானம் யாருக்கு?

"பிள்ளைகள் ஓடி விளையாட இடமில்லையே!" லயங்களில் தாய்மார் அடிக்கடி சொல்லும் குறை இது. ஆனால் மைதானம் பற்றிய பேச்சு எழும்போது, நம்மிடம் யார் கேட்கிறார்கள்?

2020 மே மாதம் ஹோமாகம, தியகமவில் புதிய சர்வதேச கிரிக்கெட் அரங்கு கட்டும் திட்டம் வெளியானது. பெரிய போட்டிகளை நடத்த அது வேண்டும் என்றனர் ஆதரித்தோர். இருக்கும் அரங்குகளிலேயே போதிய போட்டிகள் நடப்பதில்லை என்றார் முன்னாள் அணித் தலைவர் மஹேல ஜயவர்தன. 2011 உலகக் கிண்ணத்துக்காகச் சூரியவெவயில் எழுந்த பெரிய அரங்கு பெரும்பாலான நாட்களில் வெறுமையாகக் கிடந்ததையும் பலர் நினைவூட்டினர். அப்போதைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ முன்னாள் வீரர்களுடன் பேசிய பின், அதே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

கேள்வி கேட்டதால் வந்த பயன் அது. கேட்டவர்கள் பெயர் பெற்ற வீரர்கள். நமது நிலை வேறு. தோட்ட நிலம் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம்; 1992 முதல் கம்பனிகளே நிர்வகிக்கின்றன. சிறு மைதானத்துக்கும் அனுமதி வேண்டும். கூட்டம் பகலில் நடந்தால், பெண்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள்.

சகோதரிகளே, கொழுந்து நிறுத்த பின், மாலையில் கூட்டம் வையுங்கள் என்று கேட்போம். பெண் பிள்ளைகள் விளையாடத் தனி நேரம், மலசலகூடம், மழைநீர் ஓட வடிகான், இவை மூன்றையும் முதலிலேயே எழுதிக் கொடுப்போம். ஆசனங்கள் பிறகு வரட்டும். முதலில் நம் மகள் பந்தைத் தொடட்டும்!