மகனின் பெயரை எந்த எழுத்துகளில் பதிவு செய்வது?

குழந்தை பிறந்த சில நாள்களுக்குள் எங்கள் மகப்பேற்றுப் பிரிவில் பெற்றோர் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. பெயரை முடிவு செய்துவிட்டோம், அதை எவ்வாறு எழுதுவது என்பதே அது. தாய் களைத்து உறங்கிக்கொண்டிருக்க, அருகில் நிற்கும் உறவினர் ஒருவர் தமக்குத் தோன்றியபடி படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவதும் உண்டு. அவர் எழுதிய எழுத்துகளே குழந்தையின் பள்ளிச் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் கடவுச்சீட்டிலும் தொடரும். ஆதலால், இதனை அமைதியாக எண்ணிப் பார்க்கத் தேவையான செய்திகளை இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

ஒரு பெயருக்குப் பல எழுத்து வடிவங்கள் இருப்பது நமக்குப் புதிதன்று. நம் ஊரின் பெயரையே சிலர் சிங்கப்பெருமாள் கோயில் என்றும் சிலர் சிங்கப்பெருமாள் கோவில் என்றும் எழுதுகின்றனர். இரண்டும் வழக்கில் உள்ள வடிவங்களே. ஆங்கிலேயர் காலத்தில் செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’ என எழுதப்பட்டது. தமிழ்நாடு அரசு 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. ஆனால் கருத்து வேறுபாடுகள் எழவே, அதே மாதத்தில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊருக்கு இரண்டு வடிவங்கள் இருந்தாலும் பேருந்து வந்து சேரும். கடிதமும் வந்து சேரும். மனிதருக்கு அவ்வாறில்லை. அலுவலகக் கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறொருவராகக் கொள்கிறது.

முதலில் தமிழ் வடிவத்தை உறுதி செய்யுங்கள்

இவ்வூரில் அருள்பாலிக்கும் பாடலாத்ரி நரசிம்மரின் பெயரை மகனுக்குச் சூட்ட விரும்பும் குடும்பங்கள் பல. அப்பெயரை நரசிம்மன், நரசிங்கம், நரசிம்ஹன் என மூவகையாகவும் எழுதலாம். மூன்றும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. இறைவன் பெயரில் ‘சிம்மம்’ என்றும் ஊர்ப் பெயரில் ‘சிங்கம்’ என்றும் அச்சொல் நம்மிடையே வழங்குகிறது. இவற்றுள் ஒன்று சரி, மற்றவை தவறு என்று தாத்தாக்கள் இருவரும் வாதிட வேண்டியதில்லை. வீட்டில் குழந்தையை எப்படி அழைக்கப் போகிறீர்களோ, அந்த வடிவத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

சில பெயர்களில் மட்டும் உண்மையான எழுத்துப்பிழை நேர்வதுண்டு. சரவணன் என்பதில் ‘வ’வை அடுத்து வருவது மூன்று சுழி ‘ண’. இறுதியில் வருவது இரண்டு சுழி ‘ன்’. எழிலன் என்பதில் வருவது சிறப்பு ‘ழ’. தமிழ்ப் பெயரை ஆசிரியர் ஒருவரிடமோ நல்ல அகராதியிலோ ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நன்று.

அதன் பின்னர் ஆங்கில வடிவம்

தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இடம்பெறுகிறது. தமிழின் ஒலிகள் அனைத்திற்கும் ஆங்கிலத்தில் தனித்தனி எழுத்துகள் இல்லாமையே குழப்பத்திற்குக் காரணம். முகிலன் என்னும் பெயரின் நடுவெழுத்தைக் ‘கே’ கொண்டும் எழுதலாம், ‘ஜி’ கொண்டும் எழுதலாம். முன்னது தமிழ் எழுத்தைப் பின்பற்றுகிறது. பின்னது நாம் ஒலிக்கும் முறையைப் பின்பற்றுகிறது. கார்த்திக் என்னும் பெயரில் நம் மாநிலத்தவர் ‘டி’யை அடுத்து ‘எச்’ சேர்க்கின்றனர். வட மாநிலத்தவர் பெரும்பாலும் ‘எச்’ இன்றியே எழுதுகின்றனர். பாலன் என்பதை ஒரே ‘ஏ’ இட்டு எழுதினால், தமிழ் அறியாதவர் ‘பலன்’ என்றும் படிக்கக்கூடும். ‘ழ’கரத்திற்கு ‘இசட், எச்’ என்று எழுதும் வழக்கம் இங்குப் பரவலாக உள்ளது. வெளிமாநிலத்தவர் அதனைச் சரியாக ஒலிப்பது அரிது.

எனவே மூன்று வினாக்களை எழுப்பிப் பாருங்கள். நம் மொழி அறியாத ஒருவர் படித்தால் பெயர் ஏறத்தாழ அதே ஒலியுடன் வருகிறதா? தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்வதற்கு எளிதாக உள்ளதா? பள்ளியில் குழந்தை தானே பிழையின்றி எழுதக் கற்றுக்கொள்ளுமா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை தரும் வடிவம் போதுமானது.

எண் கணிதப்படி ஓர் ‘ஏ’ அல்லது ஓர் ‘எச்’ கூடுதலாகச் சேர்க்க விரும்புவோரும் உளர். அது அவரவர் நம்பிக்கை. நாங்கள் வேண்டுவது ஒன்றே: அந்த ஆலோசனையைப் பதிவுக்கு முன்னரே முடித்துவிடுங்கள்.

அவசரம் தேவையில்லை

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் நிகழும் பிறப்பை மருத்துவமனையே தெரிவிக்கிறது. ஆனால் இதற்குக் குழந்தையின் பெயர் கட்டாயமன்று. பெயரில்லாமல் பிறப்பைப் பதிவு செய்து, பதிவு நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னரும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்க இயலும்.

பெயர் இன்னும் முடிவாகவில்லை என்பதற்காக எந்தச் சிகிச்சையும் நிற்காது. குழந்தையை நாங்கள் தாயின் பெயரையும் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் கொண்டே அடையாளம் காண்கிறோம். பிறந்தவுடன் அளிக்கப்படும் பி.சி.ஜி., ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகளும் போலியோ சொட்டு மருந்தும் பெயருக்காகக் காத்திருப்பதில்லை.

பெயரைப் பதிவு செய்த பின் மாற்றுவதுதான் கடினம். மேற்சொன்ன சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவில் நேர்ந்த பிழையைத் திருத்த இடமளிக்கிறது. அப்போதும் முதலில் எழுதியது அழிக்கப்படுவதில்லை. திருத்தம் ஓரத்தில் குறிக்கப்படும். மனம் மாறியதால் வேறு எழுத்துகளை விரும்புவது பிழை ஆகாது. அவ்வாறு மாற்ற விரும்புவோர், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிடச் செய்து, பின் ஒவ்வோர் ஆவணமாகத் திருத்த வேண்டியிருக்கும்.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால் பிறப்புச் சான்றிதழின் முதன்மை மேலும் கூடியுள்ளது. அந்நாளிலோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி, கடவுச்சீட்டு, ஆதார் போன்றவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் சான்று அதுவே.

பெற்றோர் செய்யத்தக்கவை

முடிவு செய்த பெயரைத் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் ஒரு தாளில் எழுதி, தாயும் தந்தையும் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். படிவத்தை நிரப்புபவர் எவராயினும் அத்தாளைப் பார்த்தே நிரப்பட்டும். முன்னெழுத்தை எங்கே, எவ்வாறு இடுவது என்பதையும், தந்தை பெயரை முழுமையாக எழுதுவதா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பெற்றோரின் பெயர்கள் அவர்தம் ஆதார் அட்டையில் உள்ளவாறே இருக்கட்டும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பிழை தென்பட்டால் உடனே பதிவாளரை அணுகுங்கள். பின்னர் தடுப்பூசி அட்டை, ஆதார், குடும்ப அட்டை, பள்ளி விண்ணப்பம் ஆகிய அனைத்திலும் அதே வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

இன்று எழுதும் எழுத்துகளைக் குழந்தை தன் வாழ்நாள் முழுவதும் கையொப்பமிட்டுச் சுமக்கும். எந்த வடிவமாயினும் அது ஒன்றாகவே இருக்கட்டும். அதனைத் தேர்ந்தெடுக்கும்போது தாய் விழித்திருக்கட்டும்.