பின்கதவைத் தள்ளிப் பாருங்கள்



மீள்குடியேறிய பின் எனக்குக் கிடைத்த முதல் மாதச் சம்பள வேலை, கரையோரத்தில் உள்ள ஒரு றால் பதனிடும் தொழிற்சாலையில்தான். றாலின் தலையைக் கிள்ளி, கழுவி, தரம் பிரித்துத் தட்டில் அடுக்க வேண்டும். மூன்று பிள்ளைகளோடு தனித்து நின்ற எனக்கு அந்தச் சம்பளம் பெரிய ஆறுதல்.

ஒருநாள் முற்பகல், குளிரறைப் பக்கமிருந்து மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது. கண் எரிந்தது; தொண்டை இறுகியது. பின்கதவுக்கு ஓடினோம். பூட்டியிருந்தது. றால் களவு போகாமல் இருக்கவாம்! நெடி வந்த பக்கமாகவே முன்வாசலுக்குப் போக வேண்டியதாயிற்று. ஈரத்துணியால் மூக்கைப் பொத்தி, ஒருவர் கையை ஒருவர் பிடித்து வெளியேறினோம். எங்களில் இருவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். செல்லடிக்குத் தப்பி வந்த நாங்கள் ஒரு பூட்டினால் சாகப் பார்த்தோமே என்று அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

அந்த நெடிதான் அமோனியா. இயந்திர அறையில் வேலை செய்யும் அண்ணை விளக்கினார். திரவ அமோனியா கடுங்குளிரிலேயே, அதாவது பூச்சியத்துக்குக் கீழே 33 பாகையில், கொதித்து ஆவியாகும். அப்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பெரிய ஐஸ் தொழிற்சாலைகளில் 19 ஆம் நூற்றாண்டிலிருந்தே அது பயன்படுகிறது. ஓசோன் படலத்தைக் கெடுத்த வாயுக்களைக் கைவிட 1987 இல் மொன்றியலில் உலக நாடுகள் உடன்பட்டன. அமோனியா ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆகவே அது இனியும் இருக்கும். நாங்கள்தான் அதனோடு கவனமாக வாழப் பழக வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பொதுவாக இது இல்லை. வீண் பயம் வேண்டாம்.

பத்து இலட்சம் பங்கு காற்றில் 300 பங்கு அமோனியா கலந்தால் உயிருக்கு ஆபத்து. நல்லவேளையாக, அதற்கு வெகு முன்னரே மூக்கு எச்சரித்துவிடும். ஆனால் சிறு நெடிக்கு மூக்கு பழகிவிடும். “வழமையான மணம்தானே” என்று இருந்துவிடாதீர்கள்.

கசிவு ஏற்பட்டால்:

• பொருள்களை எடுக்க நிற்காதீர்கள். உடனே வெளியேறுங்கள்.

• நெடி பரவும் திசையில் ஓடாமல் அதற்குக் குறுக்காக விலகி, காற்று வரும் பக்கம் போய் நில்லுங்கள்.

• கண்ணைக் கசக்க வேண்டாம். சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள்.

• திரவம் பட்ட உடுப்பு உறைந்து தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். நிறையத் தண்ணீர் ஊற்றிய பின் கழற்றுங்கள்.

• மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆஸ்பத்திரிக்குப் போகத் தவறாதீர்கள்.

சீனாவின் ஜிலின் மாகாணத்தில் 2013 யூன் 3 ஆம் திகதி ஒரு கோழியிறைச்சித் தொழிற்சாலையில் தீப்பிடித்து அமோனியாவும் வெடித்தது. 120 பேருக்கு மேல் இறந்தனர். அங்கும் கதவுகள் பூட்டியிருந்தன.

உள்ளே ஆள் இருக்கும்போது, உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி கதவைப் பூட்டக்கூடாது என்று எங்கள் நாட்டின் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அன்றே சொல்லிவிட்டது. இதை அறிந்ததும் நாங்கள் ஐந்து பேர் முகாமையாளரிடம் சேர்ந்து போனோம். தனியே போயிருந்தால் வேலை போயிருக்கும். முதலில் முகம் சுளித்தார். ஒரு கிழமையில் பூட்டு கழன்றது.

சகோதரிகளே, நாளை வேலைக்குப் போனதும் உங்கள் பின்கதவை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். திறக்காவிட்டால், பக்கத்தில் நிற்பவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.