படிப்பா? பந்தா?



"நீ விளையாடப் போறியா, படிக்கப் போறியா?" இந்தக் கேள்வியை நம்மில் நிறைய பேர் வீட்டில் கேட்டிருப்போம். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து கப்போடு போனாலும் இதே கேள்விதான்! உலகத்தில் பெரிய பெரிய வீரர்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போமா?

அமெரிக்காவில் ஒரு மாணவர்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும். இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. பள்ளி முடித்து 3 வருஷம் ஆகியிருந்தால்தான் ஒருவர் அதில் சேர முடியும். ஆனால் கல்லூரிப் படிப்போ 4 வருஷம். அதனால் மூன்றாவது வருஷத்தில் சிக்கல் வரும். பாதியில் விட்டுட்டு கோடி கோடியாகச் சம்பாதிக்கப் போவதா? இருந்து டிகிரி வாங்குவதா? ஒரு வருஷம் காத்திருக்கும்போது கால் உடைந்தால் எல்லாமே போயிடுமே!

ஆண்ட்ரூ லக் என்பவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர். 2011-ல் அவர்தான் முதல் ஆளாக எடுக்கப்படுவார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவரோ "கட்டிட வடிவமைப்புப் படிப்பை முடிச்சிட்டு வர்றேன்" என்று கல்லூரியிலேயே தங்கிவிட்டார். 2012-ல் படிப்பும் முடிந்தது, முதல் ஆளாகவும் எடுக்கப்பட்டார். ஆனால் அடிக்கு மேல் அடி பட்டு 2019-ல் 29 வயதிலேயே ஓய்வு பெற்றார். பிறகு மறுபடி அதே பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 2024-ல் அங்கேயே ஃபுட்பால் அணியின் பொது மேலாளர் ஆகிவிட்டார்.

நம்ம ஊர் செஸ் அண்ணன்கள்

சென்னையில் குகேஷ், பிரக்ஞானந்தா இரண்டு பேரும் வேலம்மாள் பள்ளியில் படித்தவர்கள். குகேஷ் 4-ஆம் வகுப்போடு தினமும் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டு செஸ்ஸிலேயே இறங்கினார். 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். பிரக்ஞானந்தாவோ 2022 மே மாதம் இன்டர்நெட்டில் நடந்த பெரிய போட்டியில் ராத்திரி 2 மணி வரைக்கும் ஆடி அரையிறுதியில் ஜெயித்தார். காலையில் 11-ஆம் வகுப்புப் பரீட்சைக்குப் போக வேண்டியிருந்தது! இரண்டு பேரும் உலகப் புகழ் பெற்றார்கள்.

நம்ம ஊரிலிருந்து ஏற்காட்டுக்குக் கொட்டச்சேடு வழியாகவும் போகலாம், சேலம் அடிவாரம் போய் கொண்டை ஊசி வளைவு ஏறியும் போகலாம். அதுபோலத்தான் இதுவும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குகேஷுக்காக டாக்டரான அவர் அப்பா வேலையையே விட்டுவிட்டு கூடவே ஊர் ஊராகப் போனார். அம்மா சம்பளத்தில் வீடு நடந்தது. எல்லார் வீட்டிலும் இது முடியுமா?

நம் மாவட்டத்துத் தங்கம்

நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. 5 வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா காய்கறி விற்று வளர்த்தார். இவர் பேப்பர் போட்டார், கட்டிட வேலைக்கும் போனார். அப்படியும் கல்லூரியில் பி.பி.ஏ. படித்தார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டி தங்கம் வாங்கினார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். தங்கத்துக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் தான் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்சம் தருவதாகச் சொன்னார்.

பெண்கள் என்ன செய்வது?

கடலூரைச் சேர்ந்த இந்துமதி அக்கா இந்தியாவுக்காகக் கால்பந்து ஆடியவர். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டரும்கூட. எஸ்.ஐ. தேர்வு எழுதவே ஒரு டிகிரி வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு உண்டான படிப்பு கையில் இருந்தால்தான் அதுவும் உதவும்.

நான் புரிந்துகொண்டது இதுதான். படிப்பா, பந்தா என்பது பாதிக் கேள்வி. "அதுவரைக்கும் வீட்டுக்கு யார் சோறு போடுவது?" என்பதுதான் மீதிக் கேள்வி. லக் சம்பளத்தை நம்பி அவர் வீடு இல்லை. அவரால் காத்திருக்க முடிந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அவசரமாகப் போகிறார்கள். அமெரிக்காவிலேயே 2021-ல் விதியை மாற்றி, படிக்கும்போதே விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நம்ம ஊரில் ஆட்டத்தை நிறுத்தினால் படிப்பு தொடரும் என்றும் சொல்ல முடியாது. நிறைய அக்காமார்கள் இரண்டையும் சேர்த்தே விட்டுட்டு மில் வேலைக்கோ கல்யாணத்துக்கோ போயிடறாங்க.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11-ஆம் வகுப்பு சேருகிறவர்களுக்குத் தேர்வு நடக்கும். மாணவிகளுக்கும் விடுதி உண்டு. தங்க இடம், சாப்பாடு, பயிற்சி, பள்ளிப் படிப்பு எல்லாம் கிடைக்கும். வீட்டுக்குச் செலவு இல்லை. இரண்டில் ஒன்றை விடவும் வேண்டாம்.

ஆசிரியர்களே, அடுத்த முறை அந்த அறிவிப்பு வரும்போது காலை வணக்கக் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். பெண் பிள்ளைகளின் பெற்றோரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தோழிகளே, 9-ஆம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அடுத்த வாய்ப்பு 11-ஆம் வகுப்பில்தான். அதற்கு முதலில் பத்தாவது பாஸ் பண்ண வேண்டும். அதனால் காலையில் ஓடுங்கள், மாலையில் படியுங்கள்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
குப்பனூர்.