செம்மறி மஜ்ஜையும் சிவப்புத் திரவமும்

செம்மறி ஆட்டின் இடுப்பில், தோலுக்கு அடியிலேயே கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு ஒன்று உண்டு. ஆட்டுக்கு மயக்கம் கொடுத்து, அந்த இடத்தில் முடியை மழித்து, தடித்த ஊசியை இறக்கும்போது எலும்பு முதலில் எதிர்க்கும். பிறகு சட்டென்று வழிவிடும். சிரிஞ்சை இழுத்தால் ரத்தம் போலவே, ஆனால் கொஞ்சம் கொழகொழப்பாக, நடுநடுவே கொழுப்புத் துளிகள் மினுங்க மஜ்ஜை ஏறும். உறைந்துவிடாமல் இருக்க ஹெப்பாரின் மருந்தை முன்பே சிரிஞ்சில் போட்டிருப்போம். சில மில்லிலிட்டர் போதும். மயக்கம் தெளிந்த ஆடு தீவனத்துக்குப் போய்விடும். எங்கள் வேலை அப்போதுதான் தொடங்கும்.

கால்நடை ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பது என் தொழில். மஜ்ஜையில் நாங்கள் தேடுவது, எலும்பாகவும் கொழுப்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை. மஜ்ஜையின் செல்களில் 10,000-க்கு ஒன்று, சில சமயம் 1,00,000-க்கு ஒன்றுதான் அப்படிப்பட்டது. அதைப் பிரித்தெடுக்க ஓர் எளிய வழி இருக்கிறது. மஜ்ஜையைப் பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்தால் இந்தச் செல்கள் அடிப்பரப்பில் ஒட்டிக்கொள்ளும், ரத்தச் செல்களில் பெரும்பாலானவை மிதக்கும். ஓரிரு நாள் கழித்து மிதப்பதைக் கொட்டிக் கழுவிவிட வேண்டியதுதான். ஒட்டிப் பெருகும் இந்தச் செல்களை 1960-களிலும் 70-களிலும் ஆராய்ந்து உலகுக்குக் காட்டியவர் மாஸ்கோவின் அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன். இன்றும் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் அவர் காட்டிய வழியில்தான் தொடங்குகின்றன.

செல்லுக்கு உணவு, ‘மீடியா’ என்று நாங்கள் சொல்லும் சிவப்புத் திரவம். சர்க்கரை, உப்புகள், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், அதோடு 10 சதவீத அளவுக்குக் கன்றுக் கருவின் சீரம். நிறம் தருவது ஃபீனால் ரெட் என்ற சாயம். காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். செல்கள் தின்று கழித்து அமிலம் சேர்ந்தால் சிவப்பு ஆரஞ்சாகி மஞ்சளுக்குப் போகும். மீடியா மாற்ற வேண்டும் என்று அர்த்தம். ஒரே இரவில் பளிச்சென்று மஞ்சளாகிக் கலங்கியும் இருந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது. அந்த ஃபிளாஸ்க்கைக் காப்பாற்ற முயலக் கூடாது, அழித்துவிட வேண்டும்.

சூடு 37 டிகிரி, காற்றில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சில நாளில் மைக்ராஸ்கோப்பில் நூற்புக் கதிர் போல நீண்டு, இரு முனையும் கூர்த்த செல்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். ஃபிளாஸ்க்கின் அடிப்பரப்பு முக்கால் பங்கு நிறைந்ததும் டிரிப்சின் என்ற நொதியை ஊற்றுவோம். நீண்டிருந்தவை நம் கண் முன்னாலேயே சுருங்கி, உருண்டு, பிடியை விடும். அவற்றைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்குகளில் போடுவதற்குப் ‘பாசேஜ்’ என்று பெயர். பாசேஜ் கூடக்கூடச் செல்கள் அகன்று, பெருகும் வேகம் குறைந்து, கிழடுதட்டிவிடும். அதனால் இளசாக இருக்கும்போதே ஒரு பங்கை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் சேமித்துவிடுவோம்.

இதில் என்னை இன்றும் வியக்கவைப்பது வேறொன்று. ஒரே ஃபிளாஸ்க்கின் செல்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டெக்சாமெத்தசோன், வைட்டமின் சி, பீட்டா கிளிசரோபாஸ்பேட் கலந்த மீடியா கொடுத்தால் சுமார் மூன்று வாரத்தில் கால்சியம் படியும்; அலிசரின் சாயம் விட்டால் தட்டு முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகும். மறுபாதிக்கு வேறு கலவை கொடுத்தால் செல்லுக்குள் கொழுப்பு முத்துகள் திரளும். பிறப்பு ஒன்று, மீடியா வேறு, முடிவும் வேறு. ஸ்டெம் செல் என்ன ஆகும் என்பதில் பாதியைச் செல் தீர்மானிக்கிறது, மீதியைச் சூழல் தீர்மானிக்கிறது.

மூட்டு சிகிச்சை ஆய்வுக்குச் செம்மறியைத் தேர்ந்தெடுப்பதற்கு அதன் உடம்புதான் காரணம். வளர்ந்த செம்மறியின் எடை மனித எடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முழங்கால் மூட்டின் அமைப்பும் நம்முடையதை ஒத்தது. எலியின் மூட்டில் குருத்தெலும்பு மிக மெல்லியது. அங்கே பலித்த சிகிச்சை 60 கிலோ பாரம் தாங்கும் மூட்டில் பலிக்குமா என்பதைச் செம்மறியிடம்தான் பார்க்க முடியும்.

செம்மறி செல் என்றதும் எல்லோருக்கும் குளோன் ஆடு டாலி நினைவுக்கு வரும். ஆனால் எடின்பரோவுக்கு அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வுக்கூடத்தில் இயன் வில்மட்டும் கீத் கேம்ப்பெலும் முதலில் தேடியது குளோன் ஆட்டை அல்ல. கருவிலிருந்து எடுத்த, எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லைத்தான். எலியில் அது 1981-லேயே கிடைத்துவிட்டது. செம்மறியில் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் கருவிலிருந்து எடுத்த செல்கள் சில பாசேஜுகளிலேயே தட்டையாகி, தங்கள் தன்மையை இழந்தன. அவற்றை அவர்கள் தூக்கி எறியவில்லை. சீரத்தை 10 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்துப் பட்டினி போட்டு, பெருகுவதை நிறுத்தி, அந்த ஓய்வு நிலையில் உட்கருவை முட்டைக்கு மாற்றினார்கள். 1995-ல் மேகன், மோராக் என்ற இரண்டு குளோன் குட்டிகள் பிறந்தன. அதே உத்தியை, ஆறு வயது ஆட்டின் மடிச் செல்லில் செய்தபோது 277 முயற்சிக்கு ஒரே ஒரு குட்டியாக 1996 ஜூலை 5-ல் பிறந்ததுதான் டாலி. முதிர்ந்த செல்லும் சரியான சூழல் கிடைத்தால் பழைய நிலைக்குத் திரும்பும் என்று அந்தக் குட்டி காட்டியது. ஜப்பானின் ஷின்யா யமனகா 2006-ல் நான்கே மரபணுக்களைக் கொண்டு தோல் செல்லை ஸ்டெம் செல் ஆக்கியதற்கும் அது ஊக்கமாக இருந்தது.

செம்மறிக் கருவின் ஸ்டெம் செல்லுக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. எலிக்கும் மனிதருக்கும் ஒத்துவந்த மீடியாக்கள் பல ஆட்டுக்குப் பொருந்தவில்லை. 2020-ல்தான் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எஃப்ஜிஎஃப்2 என்ற வளர்ச்சிப் புரதமும் ஐடபிள்யூஆர்1 என்ற வேதிப்பொருளும் சேர்ந்தால் அந்தச் செல்கள் நிலைக்கும் என்று காட்டினார்கள். 40 பாசேஜ் தாண்டியும் குரோமோசோம் பிசகவில்லை. எலியிலிருந்து ஆட்டுக்கு வந்துசேர 39 ஆண்டுகள். ஆய்வுக்கூடத்திலேயே ஒரு செல்லை நிலைக்கவைப்பது இத்தனை கடினம்.

இதையெல்லாம் நினைக்கும்போதுதான் ‘ஆட்டு ஸ்டெம் செல் இளமை சிகிச்சை’ விளம்பரங்கள் என்னைக் கோபப்படுத்துகின்றன. ஆட்டுக் கருவின் செல்லை மனிதருக்கு ஊசியாகப் போடும் வழக்கத்தைப் பரப்பியவர் சுவிட்சர்லாந்தின் பால் நீஹன்ஸ். மனித உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் வேற்று உயிரின் செல்லைத் தங்கவிடாது. 2014-ல் ஜெர்மனிக்குப் போய் இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட நியூயார்க் மாநிலத்தவர் ஐந்து பேருக்குக் க்யூ காய்ச்சல் வந்தது. ஆடுகளிடமிருந்து பரவும் அந்தக் கிருமி செல்லோடு சேர்ந்தே உடம்புக்குள் போயிருந்தது. இதே விளம்பரங்களில் வரும் ஆட்டு நஞ்சுக்கொடி மாத்திரையில் இருப்பதோ உலர்ந்த பொடி. உயிருள்ள செல் அதில் கிடையாது.

இந்தியாவின் 2017 தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற ஆய்வுகளில் மட்டுமே செய்யலாம். ஆய்வில் சேருபவரிடம் அதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. மூட்டுவலிக்கோ இளமைக்கோ ஸ்டெம் செல் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால், அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.