வெங்காயம் வேண்டாம் என்றாலும் வெங்காயம் வருவது ஏன்?

இரவு எட்டு மணிக்கு எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் ஃபாஸ்ட் ஃபுட் கடையில் வேண்டுமானாலும் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பர்னர் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மாஸ்டர் ஒரு கையால் வாணலியைத் தூக்கிக் குலுக்கிக்கொண்டே மறுகையில் இருக்கும் கரண்டியால் சோயா சாஸ், மிளகுத்தூள், உப்பு என்று வரிசையாக அள்ளிப் போடுகிறார். டப்பாக்களைப் பார்ப்பதுகூட இல்லை. கல்லாவில் இருப்பவர் குரல் கொடுக்கிறார்: “ரெண்டு சிக்கன் ரைஸ், ஒண்ணு எக் நூடுல்ஸ், ஒண்ணு எக் ரைஸ் காரம் கம்மி, பார்சல்!” மாஸ்டர் தலையை அசைக்கிறார். அதற்குள் மேசையிலிருந்து, “அண்ணே, கோபி என்னாச்சு?” கல்லாப் பெட்டி மேல் இருக்கும் செல்போன் ஆன்லைன் ஆர்டர் வந்திருக்கிறது என்று அலறுகிறது. கொஞ்ச நேரத்தில் பார்சல் கைமாறுகிறது. வீட்டில் பிரித்துப் பார்த்தால் குழந்தைக்காகக் ‘காரம் கம்மி’ என்று சொன்ன எக் ரைஸ் மற்றவற்றைப் போலவே காரமாக இருக்கிறது.

“கவனமே இல்லை” என்று சொல்லிவிடுகிறோம். கடைக்காரரும் அதையே சொல்லி மாஸ்டரைத் திட்டுகிறார். ஆனால் மனித மூளை எப்படித் தவறு செய்கிறது என்று உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து கண்டவற்றை இந்தக் கடைக்குள் கொண்டுவந்து பார்த்தால், பழி வேறு இடத்தில் போய் விழுகிறது. ஒரே மாதிரியான உணவை வேகமாகச் செய்வதற்காக உருவான ஓர் ஏற்பாட்டிடம், ஒவ்வொருவருக்கும் வேறு மாதிரியாக, அதே வேகத்தில் கேட்கிறோம். தவறு பிறப்பது அந்த இடத்தில்தான்.

முதலில் நினைவு. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடியவை ஏழு, கூடக்குறைய இரண்டு என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் அதையும் குறைத்தார்: எழுத்தோ உருப்போடலோ துணையில்லாமல் மனம் தாங்குவது ஏறக்குறைய நான்குதான். மேலே சொன்ன ஆர்டரில் உணவு வகைகள் மூன்று, எண்ணிக்கைகள் மூன்று, கூடவே ஒரு விதிவிலக்கு, ‘பார்சல்’ என்ற குறிப்பு. கிட்டத்தட்ட எட்டு. அது வரும்போதே முந்தைய ஆர்டர் பாதி வாணலியிலும் பாதி மனத்திலும் கிடக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. 1964-இல் இங்கிலாந்தில் ஆர். கான்ராட் ஒரு சோதனை செய்தார். எழுத்துகளைக் கண்ணுக்குக் காட்டி, நினைவிலிருந்து திரும்ப எழுதச் சொன்னார். கண்ணால் பார்த்த எழுத்துகளைக்கூட, ஒலி ஒத்த எழுத்துகளோடுதான் மக்கள் குழப்பிக்கொண்டார்கள். குறுகிய நேர நினைவு பெரும்பாலும் ஒலியாகவே சேமிக்கிறது. ஒலி நெருங்கினால் நினைவு கலைகிறது. நம் ஃபாஸ்ட் ஃபுட் மெனுவைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: எக் ரைஸ், எக் நூடுல்ஸ், சிக்கன் ரைஸ், சிக்கன் நூடுல்ஸ், கோபி ரைஸ், கோபி நூடுல்ஸ். நினைவைக் குழப்புவதற்கென்றே தயாரித்த பட்டியல் போல இருக்கிறது.

அப்படியென்றால் இருபது பேர் சொன்னதை எழுதாமலே பரிமாறும் சப்ளையர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆண்டர்ஸ் எரிக்சனும் பீட்டர் போல்சனும் அப்படி ஒருவரை வைத்து ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டார்கள். ஆய்வில் ‘ஜே.சி.’ என்று மட்டும் குறிப்பிடப்பட்ட அவர் அமெரிக்க உணவகம் ஒன்றின் பணியாளர். அவர் ஒவ்வொருவர் ஆர்டரையும் தனித்தனியாக நினைவில் வைக்கவில்லை. வகை வகையாகப் பிரித்து அடுக்கினார். ஒரு மேசையில் இருக்கும் நான்கு பேரும் கேட்ட சாலட் டிரெஸ்ஸிங்குகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்கினார்: ப்ளூ சீஸ், ஆயில் வினிகர், மறுபடி ஆயில் வினிகர், தவுசண்ட் ஐலண்ட் என்றால் ‘பூட்’. இறைச்சி எவ்வளவு வெந்திருக்க வேண்டும் என்பதை ஏறி இறங்கும் கோடாக மனத்தில் வரைந்துகொண்டார். பிறவியிலேயே வந்த அபார நினைவு என்று இதைச் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் பழகிச் சேர்த்த உத்தி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஓர் இளைஞரிடம் அந்தத் திறமையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

நினைவுக்குப் போகும் முன் காது இருக்கிறது. இரைச்சலில் கேட்காமல் போன ஒலியை மூளை வெற்றிடமாக விட்டுவைப்பதில்லை, தானே நிரப்பிக்கொள்கிறது. 1970-இல் உளவியலாளர் ரிச்சர்ட் வாரன், பதிவு செய்த ஒரு வாக்கியத்திலிருந்து ஓர் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களில் ஏறத்தாழ எல்லோருமே எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். இது அபாயமானது, ஏனென்றால் தவறாகக் கேட்டவருக்குத் தான் தவறாகக் கேட்டோம் என்ற ஐயமே எழாது. எதை எதிர்பார்க்கிறாரோ அதுவே தெளிவாகக் கேட்டுவிடும். எதிரே நிற்பவரின் உதடுகள் தெரிந்தால் இரைச்சலிலும் பேச்சு நன்றாகப் புரியும் என்று 1954-இலேயே சம்பி, போலக் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். குனிந்து வாணலியைப் பார்க்கும் மாஸ்டருக்கு அந்த உதவி கிடையாது.

அமெரிக்காவின் டிரைவ்-த்ரூ கடைகளில் இந்தச் சிக்கல் உச்சத்தில் இருக்கிறது. காரை விட்டு இறங்காமல் கம்பத்தில் இருக்கும் மைக்கில் ஆர்டர் சொல்லி, அடுத்த ஜன்னலில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகும் முறை அது. மெக்டொனால்ட்ஸ் தன் முதல் டிரைவ்-த்ரூவை 1975-இல் அரிசோனாவின் சியரா விஸ்டாவில் திறந்தது. பக்கத்து ராணுவத் தளத்தின் வீரர்கள் சீருடையில் வெளியே காரை விட்டு இறங்கக் கூடாது என்று விதி இருந்ததே காரணம். எஞ்சின் ஓசை, காற்று, ஸ்பீக்கரின் கரகரப்பு, முகம் தெரியாத குரல். கூடவே ஒவ்வொரு காரும் எத்தனை விநாடி நிற்கிறது என்று கணக்கெடுக்கும் கடிகாரம். அங்கே ஆண்டுதோறும் ரகசிய வாடிக்கையாளர்களை அனுப்பி எடுக்கும் கணக்கெடுப்புகளில், சமீப ஆண்டுகளில் சரியாக வந்த ஆர்டர்கள் பொதுவாக 85 முதல் 90 விழுக்காட்டுக்குள் இருக்கின்றன. பெரும் முதலீடும் பயிற்சியும் உள்ள நிறுவனங்களிலேயே பத்தில் ஒன்றாவது பிசகுகிறது.

இனி கைக்கு வருவோம். காதில் சரியாக விழுந்து, மனத்திலும் சரியாக நின்ற ஆர்டர்கூடக் கைக்கு வரும்போது தவறுவது உண்டு. இந்தப் பிரச்சினையின் மையமே இதுதான்.

உணவுக்கு உடை மாற்றப் படுக்கையறைக்குப் போனவர், ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போய்ப் படுக்கையிலேயே ஏறிப் படுத்துவிட்ட கதையை உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் எழுதினார். இரண்டு செயல்களுக்கும் தொடக்கம் ஒன்று; நடுவில் எது அதிகம் பழகியதோ அது மற்றதை விழுங்கிவிடுகிறது. டொனால்ட் நார்மன் 1981-இலும், ஜேம்ஸ் ரீசன் 1990-இலும் இத்தகைய நழுவல்களை வகைப்படுத்தினார்கள். அவர்கள் கண்டதில் முக்கியமானது: இவ்வகைத் தவறு பயிற்சி இல்லாதவர்களிடம் வருவதில்லை, நன்றாகக் கைவந்தவர்களிடமே வருகிறது. புதிதாகக் கற்பவர் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்கிறார். கைதேர்ந்தவரின் கை யோசனைக்குக் காத்திருப்பதில்லை. ஒரு மாலையில் நூறு முறை வாணலியில் வெங்காயத்தை அள்ளிப் போட்ட கை, நூற்றோராவது முறையும் போட்டுவிடுகிறது. அதைத் தடுக்க, சரியாக அந்த விநாடியில், ‘இதற்கு வேண்டாம்’ என்ற நினைவு குறுக்கே வந்து நிற்க வேண்டும். அந்த விநாடியில் மாஸ்டரின் கவனம் அடுத்த ஆர்டரைக் கேட்பதில் இருக்கிறது.

‘கூடுதலாக முட்டை’ என்ற கோரிக்கை பெரும்பாலும் தப்பிவிடுவதற்கும், ‘வெங்காயம் வேண்டாம்’ தவறிப்போவதற்கும் காரணம் இதுவே. ஒன்றைச் சேர்க்கத் தனி முட்டையை எடுத்து முன்னால் வைக்கலாம். அது கண்ணில் பட்டு நினைவூட்டும். போடாமல் இருக்க வேண்டியதற்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை.

ஃபாஸ்ட் ஃபுட்டின் தொடக்கத்தில் இந்தச் சிக்கலே இல்லை. 1948-இல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் கடையை மூடி, மாற்றியமைத்துத் திறந்தார்கள். மெனுவை ஒன்பது பொருள்களாகச் சுருக்கினார்கள். பின்னர் 1950-களில் புதிய கட்டடத்துக்குத் திட்டமிட்டபோது, சமையலறையில் யார் எங்கே நிற்பது, எப்படி நகர்வது என்று டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஒத்திகை பார்த்தார்கள். எல்லா ஹாம்பர்கருக்கும் ஒரே சேர்மானம்: கெட்சப், கடுகு, நறுக்கிய வெங்காயம், இரண்டு ஊறுகாய்த் துண்டுகள். மாற்றிக் கேட்டால் காத்திருக்க வேண்டும். 1974-இல் பர்கர் கிங், ‘உங்கள் விருப்பப்படி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற பொருளில் விளம்பரம் செய்து போட்டிக்கு வந்தது. அன்றிலிருந்து விருப்பம் வளர்ந்துகொண்டே போகிறது. சேர்க்கலாம், நீக்கலாம் என்று பத்துப் பொருள்கள் இருந்தால் ஒரே உணவு 1,024 விதமாக அமையும். கை மட்டும் 1948-இல் இருந்த அதே கைதான்.

இதில் குறுக்கீடுகள் சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் ஆல்ட்மன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வரிசையாகச் செய்யும் வேலையின் நடுவே மூன்று விநாடிக்கும் குறைவான இடையூறு வந்தாலே வரிசை தவறுவது இரண்டு மடங்கானது. நான்கரை விநாடி அளவுக்குப் போனபோது மூன்று மடங்கு. “அண்ணே, கோபி என்னாச்சு?” என்று கேட்க அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை.

கெட்சப் பொட்டலம், சட்னி, ஸ்பூன் போன்றவை விடுபடுவது வேறு வகை. முக்கியமான வேலை முடிந்ததும் மனம் ‘முடிந்தது’ என்று முத்திரை குத்திவிடுகிறது. அதன்பின் மிச்சமிருக்கும் சின்ன வேலை மறந்துபோகிறது. ஏடிஎம்மில் பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை விட்டுவிட்டு வருவதும் இதே ரகம். மக்களுக்கு அறிவுரை சொல்லி அது குறையவில்லை; கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று எந்திரத்தை மாற்றியதும் குறைந்தது. பார்சல் மேசையில் சட்னியையும் ஸ்பூனையும் முதலில் பைக்குள் போட்டுவிட்டு, உணவைக் கடைசியாக வைத்தால் போதும். காசு செலவில்லாத மாற்றம் இது.

மனிதர் வேண்டாம், எந்திரத்திடம் கொடுத்துவிடுவோம் என்ற முயற்சியும் நடந்தது. மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளில் ஐபிஎம்மின் செயற்கை நுண்ணறிவை டிரைவ்-த்ரூ ஆர்டர் எடுக்கவைத்துப் பார்த்து, 2024-இல் அந்தச் சோதனையை நிறுத்திக்கொண்டது. கேட்காத பொருள்களெல்லாம் பில்லில் ஏறிக்கொண்டே போன வீடியோக்கள் அதற்குள் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டன. தொடுதிரையிலும் செல்போன் செயலியிலும் நாமே ஆர்டர் போடும்போது காதின் தவறு நீங்குகிறது. கையின் தவறு அப்படியே இருக்கிறது.

நிஜமாகப் பலன் தருவது மிகப் பழைய முறை: கேட்டதைத் திருப்பிச் சொல்வது. விமானிகள் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவைத் திரும்பச் சொல்வது கட்டாயம். அதே ஒழுங்கு கல்லாவிலும் வேண்டும். 2003-இல் நெதர்லாந்தில் ரிக் வான் பாரன் குழு நடத்திய ஆய்வில், வாடிக்கையாளர் சொன்ன அதே சொற்களில் ஆர்டரைத் திருப்பிச் சொன்ன பணிப்பெண்ணுக்கு டிப்ஸும் கூடுதலாகக் கிடைத்தது. இதோடு, விதிவிலக்குகளைப் பில்லின் மேலே பெரிய எழுத்தில் எழுதுவதும், செய்தவர் அல்லாத இன்னொருவர் பில்லை வைத்துப் பார்சலைச் சரிபார்ப்பதும் சேர்ந்தால் பெரும்பகுதித் தவறுகள் கடையை விட்டே வெளியேறாது. தன் வேலையைத் தானே சரிபார்ப்பவர், அங்கே இருக்க வேண்டியதையே பார்ப்பார். இருப்பதைப் பார்க்க வேறு கண் தேவை.

திரும்பி வந்த பார்சலின் விலையை மாஸ்டரின் கூலியில் பிடிப்பதால் இவற்றில் எதுவும் நடக்காது. பயம் கவனத்தின் இடத்தைத்தான் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதைவிட அநியாயம், பின் அடித்து மூடிய பையைச் சுமந்து வரும் டெலிவரி இளைஞரைத் திட்டுவது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க அவருக்கு அனுமதியே இல்லை.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு. ‘காரம் கம்மி’, ‘வெங்காயம் வேண்டாம்’ என்பதை ஆர்டர் முடிந்தபின் போகிறபோக்கில் சேர்க்காமல், அந்த உணவின் பெயரோடு சேர்த்தே சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லும்வரை நில்லுங்கள். வண்டியைக் கிளப்பும் முன் கடை வாசலிலேயே பையைத் திறந்து பாருங்கள். வீட்டில் யாருக்காவது வேர்க்கடலை, முட்டை, இறால் ஒவ்வாமை இருந்தால், செயலியில் எழுதிய குறிப்பை மட்டும் நம்பாதீர்கள். கடைக்குப் போன் செய்து சமைப்பவரிடமே பேசுங்கள். கூட்ட நேரத்தில் அதற்கு அவர்களுக்கு நேரமில்லை என்றால், அன்று அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.