கோப்புப் பெயரின் விகுதி

செய்நிரலாக்கம் கற்கப் புகும் இளைஞர், ஒரு செயற்றிட்டத்தின் கோப்புறையைத் திறந்தவுடன் மலைப்புறுதல் இயல்பு. புள்ளியும் அதன்பின் இரண்டொரு எழுத்துமாக முடியும் பெயர்கள் அங்கே மலிந்து கிடக்கும். அவற்றுள் பேணத்தக்கன எவை, களையத்தக்கன எவை என்றறியாது அனைத்தையும் சுமப்பாரும் உளர். வேண்டுவதை அழித்துவிட்டு வருந்துவாரும் உளர்.

பகுபதம் பகுதி, விகுதி முதலிய உறுப்புக்களால் ஆவதென இலக்கண வகுப்பிற் கற்றோம். கோப்பின் பெயரையும் அவ்வாறே பிரித்துக் காணலாம். புள்ளிக்கு முன்னுள்ளது பகுதி, பின்னுள்ளது விகுதி. இவ்விகுதியையே கணினி நூலார் நீட்சி என்பர். எம்எஸ்-டொஸ் வழங்கிய காலத்திலே பகுதிக்கு எட்டெழுத்தும் விகுதிக்கு மூன்றெழுத்துமே இடங்கொடுக்கப்பட்டன. மூன்றெழுத்து விகுதிகள் இன்றும் மிகுந்திருத்தல் அப்பழக்கத்தின் எச்சமாம்.

சி மொழியை எடுத்துக்கொள்வோம். 'சி' என முடிவது மனிதர் எழுதிய மூலம். 'எச்' என முடிவது பல மூலங்களுக்கும் பொதுவான அறிவிப்புக்களைக் கொண்டது. அதுவும் மனிதர் எழுதுவதே. 'ஓ' என முடிவதோ தொகுப்பான் மூலத்திலிருந்து ஆக்கித் தரும் இலக்குக் கோப்பு. இத்தகைய இலக்குக் கோப்புக்களை இணைத்தே இயங்கும் செய்நிரல் பெறப்படும். 'ஓ' அழிந்தால் மீண்டும் ஆக்கலாம்; 'சி' அழிந்தால் ஆக்க வழியில்லை.

இவ்விரண்டுக்குமுள்ள உறவை மறத்தலால் விளையும் இடர் சிறிதன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே ஸ்ரீபன் ஜோன்சன் என்னும் அறிஞர் தம் மூலத்திலிருந்த பிழையைத் திருத்தினார். ஆயின் அதனை மீளத் தொகுக்கவில்லை. பழைய 'ஓ' கோப்பே இணைக்கப்பட்டமையால், பிழையற்ற நிரலிலே பிழை தேடி ஒரு காலைப்பொழுது முழுவதும் வீணாயிற்று. இதனைக் கேட்ட ஸ்ருவாட் பெல்ட்மன் 1976ஆம் ஆண்டிலே 'மேக்' என்னும் கருவியை ஆக்கினார். அது இரு கோப்புக்களின் நேரங்களையும் ஒப்பிட்டு, 'ஓ'வினும் 'சி' பிந்தியதாயின் மீளத் தொகுக்கும். எவ்விகுதியிலிருந்து எவ்விகுதி பிறக்கும் என்பதை அது தானே அறியும்.

மேக்குக்குரிய கட்டளைகள் எழுதப்படும் 'மேக்பைல்' என்னும் கோப்புக்கு விகுதியே இல்லை என்பது வியப்பு! அதனுள்ளே கட்டளை வரி ஒவ்வொன்றும் 'ராப்' குறியோடு தொடங்கல் வேண்டும். வெற்றிடங்கள் இட்டாற் செல்லாது. இவ்விதியை மாற்ற எண்ணியபோது பெல்ட்மனின் கருவியைப் பயன்படுத்தியோர் ஏறக்குறைய பன்னிருவர். அவர்களுக்குத் தொல்லை கொடாதிருக்க அவர் விட்டுவைத்த அவ்விதி, பின்வந்த தலைமுறைகள் யாவற்றையும் அலைக்கழித்து வருகின்றது.

மைக்றோசொப்ற் நிறுவனத்தின் விசுவல் ஸ்ரூடியோவிலே 'எஸ்எல்என்' என முடியும் கோப்பு, எச்செயற்றிட்டங்கள் ஒன்றுசேர்ந்தன என்று மாத்திரம் கூறும். 'சிஎஸ்புறொஜ்' அவற்றுள் ஒன்றை ஆக்கும் முறையைக் கூறும். நிரல் இருப்பது 'சிஎஸ்' கோப்புக்களிலேயாம். ஆசிரியருக்கு 'எஸ்எல்என்' ஒன்றையே அனுப்பும் மாணவன், நூலை வீட்டில் வைத்துவிட்டுப் பொருளடக்கத்தை அனுப்பியவனாவான். 'பின்', 'ஒப்ஜ்' என்னும் உறைகளிலுள்ளவை பொறி ஆக்கியவை, அவற்றை அனுப்பவேண்டுவதில்லை.

விகுதியை நம்பியே கோப்பின் இயல்பைத் துணிதலும் தகாது. சிமேக் என்னும் கருவியின் கட்டளைக் கோப்பு, வெறும் உரைக்கோப்பைப் போல 'ரிஎக்ஸ்ரி' என முடியும். அங்கே முழுப்பெயரே அடையாளம்.

விண்டோஸ் இயங்குதளம் அறியப்பட்ட விகுதிகளை இயல்பாக மறைத்தே காட்டும். கற்போர் முதற்கண் அம்மறைப்பை நீக்குக. இன்றேல், நோட்பாட்டிலே 'மேக்பைல்' எனப் பெயரிட்டுச் சேமித்த கோப்பு 'மேக்பைல்.ரிஎக்ஸ்ரி' ஆகிக் கிடக்கும். கண்ணெதிரே இருக்கும் கோப்பைக் காணோமென்று மேக் சொல்லும்.