முயல் கூட்டுக்குள் ஒரு வேலிச் சண்டை

யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டையை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு கதியால் அரையடி தள்ளி நட்டால் இரண்டு வளவும் மூன்று தலைமுறைக்குப் பேசாது. ஒரே கூட்டில் வளரும் இரண்டு முயல்களின் சச்சரவும் இந்த வகைதான். ஒன்று மற்றதைத் துரத்தும், மேலே ஏறும், மயிரைப் பிடுங்கும். "இதுகள் ஒத்துவராது" என்று வீட்டார் வேறாக்கிவிடுகிறார்கள். ஆனால் அங்கே நடப்பது யார் முந்தி, யார் பிந்தி என்ற வழக்கு. அது நல்லபடி தீருவது பெரும்பாலும் நாம் கொடுக்கும் இடத்தைப் பொறுத்தது.

நம் பற்றைக்காட்டு முயல் தனித்து வாழ்வது, வளை தோண்டாது. வீட்டு முயலோ ஐபீரியத் தீபகற்பத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்த ஐரோப்பிய முயலின் வழி வந்தது. கூட்டம் என்றால் வரிசை உண்டு. 1960களில் அவுஸ்திரேலியாவில் காட்டில் பெருகிய இம்முயல்களை ஆராய்ந்த மைக்கிடோவிச், மேல்நிலை ஆண்களின் தாடைச் சுரப்பி பெரிதென்றும், அவையே அதிகம் மணம் பூசி எல்லை குறிக்கின்றன என்றும் காட்டினார். கூட்டுக் கம்பியில் முயல் தாடையை உரசுவது கதியால் நடுவதற்குச் சமம்.

மேலே ஏறுவது இனச்சேர்க்கை ஆசைதானே என்று கேட்கலாம். பெண் முயலும் பெண் மேல் ஏறும். அது வரிசைக்கான போட்டி. எனினும் ஹோர்மோன் அதைத் தூண்டுவதால், மிருக வைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வது சண்டையைத் தணிக்கும். வாயில்லாச் சீவனுக்கு இது கொடுமை என்பார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஏறக்குறைய 31 நாளில் குட்டி. வயதேறும் பெண் முயலுக்குக் கருப்பைப் புற்றுநோயும் அடிக்கடி வரும். இவற்றோடு ஒப்பிட்டால் கொடுமை எதுவென்று தெரியும். சிகிச்சைக்குப் பின்னும் ஆண் சில வாரம் கருவூட்டக்கூடும்; அதுவரை பிரித்தே வைக்கவேண்டும்.

அடிபட்டுத் தானாக அடங்கட்டும் என்பது பாதி உண்மை. துரத்தலையும் ஏறுதலையும் பொறுக்கலாம். இரண்டும் இறுகச் சுழன்று கடித்தால், இரத்தம் தெரிந்தால், தடித்த துணியைப் போட்டுப் பிரிக்கவேண்டும், வெறுங்கையை நீட்டக்கூடாது. பிறகு இரண்டுக்கும் புதிதான ஓரிடத்தில், சிறிது சிறிதாகச் சந்திக்கவிடலாம். கூட்டில் தண்ணீரும் அறுகம்புல்லும் இரண்டிடத்தில், ஒளியும் பெட்டிக்கு இரண்டு வாசல். கிடுகு நிழலும் இரண்டிடத்தில் வேண்டும். முயலுக்கு வெப்பம் ஆகாது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் ஒரே நிழலை வென்றது பிடித்துக்கொண்டால், தோற்றதற்கு உயிரே போகலாம்.

வழக்கு முடிந்ததும் ஒன்று தலையைத் தாழ்த்தும், மற்றது நக்கிவிடும். தாழ்த்தியது தோற்றது என்று எண்ணவேண்டாம். நக்கிவிடச் சொல்லித் தலை கொடுப்பது பெரும்பாலும் வென்ற முயல்தான்.